சம்பந்தியின் ஆண்டுச் சோதனை

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். விமானம் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவளுக்கு அது ஆகாது என்று பலர் சொல்லியிருக்கிறார்கள். சொன்னவர்களிடமும் கோபப்பட்டிருக்கிறேன். அப்படிப்பட்ட நான் ஒரே ஒரு மாதம் மட்டும் பூனைக்குட்டி மாதிரி இருந்தேன். என் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்த மாதம் அது.

எங்கள் வீடு உத்தமபாளையத்துக்குப் பக்கத்தில். வீட்டுக்காரர் பள்ளிக்கூட வாத்தியார். நான் வேலை பார்க்கும் பயிற்சிப் பள்ளி காரில் போனால் மூன்று மணி நேரத் தொலைவு, பறந்தால் அரை மணி. வாரம் முழுக்க அங்கே இருந்துவிட்டுச் சனிக்கிழமை வீடு வருவேன். புதியவர்களுக்குக் கற்றுக்கொடுப்பது போக, எனக்கு இன்னொரு வேலையும் உண்டு. சொந்த ஆசைக்காக விமானம் ஓட்டுகிறவர்கள் சிலர் எங்கள் பள்ளியில் உண்டு. டாக்டர், மில்காரர், ஓய்வு பெற்ற அதிகாரி என்று பலவிதம். அவர்கள் ஒவ்வொருவரையும் ஆண்டுக்கு ஒரு முறை உட்காரவைத்து ஒரு மணி நேரம் பேசி, பக்கத்தில் அமர்ந்து ஒரு மணி நேரம் பறந்து, இன்னும் சரியாக ஓட்டுகிறார்களா என்று பார்க்க வேண்டும். திருப்தி என்றால் அவர்களுடைய பறப்புக் கணக்கேடான லாக்புக்கில் கையெழுத்துப் போடுவேன். அது இல்லாமல் எங்கள் விமானத்தில் வேறு ஆளை ஏற்றிக்கொண்டு கிளம்ப முடியாது.

இந்த வேலையைக் கெடுக்க இரண்டு வழி இருக்கிறது. டீயைக் குடித்து, ஓடுபாதையை இரண்டு சுற்றுச் சுற்றி, 'எல்லாம் பிரமாதம் சார்' என்று கையெழுத்துப் போட்டு அனுப்புவது ஒன்று. புத்தகத்தின் மூலைமுடுக்கிலிருந்து கேள்வியைப் பொறுக்கியெடுத்து, வந்தவரைத் திணறடித்து, தன் மேதாவிலாசத்தைக் காட்டிக்கொள்வது மற்றது. இரண்டுமே எனக்குப் பிடிக்காது. போன வருஷம் எங்கெல்லாம் பறந்தீர்கள், இந்த வருஷம் எங்கே போகப்போகிறீர்கள், யாரை ஏற்றிக்கொண்டு போகப்போகிறீர்கள் என்று முதலில் கேட்பேன். அங்கேயே கூட்டிக்கொண்டு போய்ப் பார்ப்பேன். இறங்கியதும் நான் வாயைத் திறக்கமாட்டேன். 'நீங்களே சொல்லுங்கள், எப்படி இருந்தது?' என்பேன். தன் தப்பைத் தானே சொல்லிவிட்டவர் அடுத்த வருஷம் அதைச் செய்வதில்லை. இதையெல்லாம் சின்ன ஆசிரியர்களுக்கு நான் விரலை ஆட்டி ஆட்டிச் சொல்லிக்கொடுத்தவள் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இனி வரப்போவது என் மானம் போன கதை.

மாப்பிள்ளையின் அப்பாவுக்குக் காமயகவுண்டன்பட்டியில் திராட்சைத் தோட்டம். நெடுநாள் வளைகுடாவில் எஞ்சினியராக இருந்துவிட்டு, ஊர் திரும்பி, ஐம்பது வயதில் எங்கேயோ போய் விமானம் ஓட்டக் கற்று உரிமமும் வாங்கியவர். சமீபத்தில்தான் எங்கள் பள்ளியில் சேர்ந்திருந்தார். அவரோடு நான் பறந்ததே கிடையாது. மனிதர் பழகத் தங்கம். ஒரே ஒரு குறை, வாயைத் திறந்தால் மூடத் தெரியாது. நிச்சயதார்த்தப் பந்தியில், கையில் ஆட்டுக்கால் எலும்பை வைத்துக்கொண்டு, எல்லாரும் கேட்க அறிவித்தார்.

"கல்யாணம் முடிஞ்ச மறு சனிக்கெழம, பொண்ணு மாப்பிள்ளய நானே பிளேன்ல ஏத்தி இந்தப் பள்ளத்தாக்கு பூராத்தையும் சுத்திக் காட்டப்போறேன். வேற எந்த அப்பன் செய்வான்?"

பந்தியில் ஒரே கைத்தட்டல். நான்தான் பலமாகத் தட்டினேன். மறுவாரத்துக்குள் விஷயம் ஊரெல்லாம் பரவிவிட்டது. டவுன் பஸ் கண்டக்டர் என்னைப் பார்த்து, "என்னக்கா, உங்க சம்பந்தி பிளேன் எங்க காலனி மேல வருமா?" என்று கேட்டார்.

பிறகுதான் உறைத்தது. அவருடைய ஆண்டுச் சோதனை அந்த மாதமே வருகிறது. எங்கள் பள்ளியில் சோதிக்கத் தகுதியுள்ள இன்னொரு ஆசிரியர் விடுமுறையில் போய்விட்டார். 'கல்யாணம் முடியட்டும்' என்று நான் தள்ளிப்போட்டிருக்கலாம், போட்டிருக்க வேண்டும். ஆனால் சம்பந்தியே சிரித்த முகமாக, "வெளியாளு எதுக்கு? நம்ம சம்பந்தியம்மாவே பாத்தா போச்சு" என்று சொல்லிவிட்டார். மாப்பிள்ளை வீட்டார் சொல்லுக்குப் பெண் வீட்டில் மறுபேச்சு ஏது? சரி என்றேன். அன்று இரவு படுத்தபோதுதான் பின் இருக்கை ஞாபகம் வந்தது. நான் கையெழுத்துப் போட்டால் அந்தப் பின் இருக்கையில் உட்காரப்போவது என் மகள். போடாவிட்டால், ஊரே கேட்கக் கொடுத்த வாக்கு போய், மாப்பிள்ளையின் அப்பா தலைகுனிய வேண்டும். அதுவும் மகள் அந்த வீட்டுக்குள் போகும் முன்பே. மாதா கோயிலில் மூன்று ஞாயிறு வாசிக்கும் திருமண அறிவிப்பு ஓலையில் இரண்டு வாசித்தாகிவிட்டது, மூன்றாவது மட்டும் பாக்கி. 

சோதனைக்கு அந்த வாரப் புதன்கிழமையைக் குறித்தோம். காலையில் அவர் வெள்ளைச் சட்டை, புது பெல்ட் சகிதம் வந்து இறங்கினார். கையில் ஒரு கூடை திராட்சை. அதை வாங்கியபோதே நான் பாதி தோற்றுவிட்டேன். ஒரு மணி நேரம் பேச வேண்டிய பேச்சில் முக்கால் மணி கல்யாணச் சமையலுக்குப் போயிற்று. மீதி நேரத்தில் நான் கேட்ட கேள்விகளுக்கு நன்றாகவே பதில் சொன்னார். பள்ளத்தாக்கில் பதினொரு மணிக்கு மேல் காற்று எழும்பும், அதற்குள் திரும்பிவிட வேண்டும் என்று அவரே சொன்னார். ஒரு கேள்வியை மட்டும் நான் வேண்டுமென்றே கேட்காமல் விட்டேன். கேட்டால் தடுமாறுவாரோ, முகம் வாடுமோ என்று பயம். என் ஆயுளில் யார் முகம் வாடுவதைப் பற்றியும் நான் அப்படிக் கவலைப்பட்டதில்லை.

எங்களுடையது நான்கு பேர் உட்காரும் ஒற்றை எஞ்சின் விமானம். முன்னால் இருக்கும் இரண்டு இருக்கைக்கும் தனித்தனி ஸ்டியரிங். ஒன்றைத் திருப்பினால் மற்றதும் சேர்ந்து திரும்பும். அதனால்தான் எங்கள் தொழிலில் கண்டிப்பான ஒரு வழக்கம் உண்டு. ஆசிரியர் ஸ்டியரிங்கைத் தொடுவதற்கு முன், 'கன்ட்ரோல் என்னிடம்' என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். மற்றவர், 'கன்ட்ரோல் உங்களிடம்' என்று திருப்பிச் சொன்ன பிறகுதான் கையை எடுக்க வேண்டும். விமானம் யார் கையில் என்பதில் இருவருக்கும் ஒரு நொடிகூடச் சந்தேகம் வரக்கூடாது. முதல் நாள் வரும் மாணவனுக்கே இதைத்தான் முதலில் சொல்லிக்கொடுப்போம்.

அழகாக ஓட்டினார். அதைச் சொல்லியாக வேண்டும். வைகை அணை வெயிலில் தகதகவென்று கிடந்தது. தேனியைத் தாண்டிக் கம்பம் சாலையைப் பிடித்துத் தெற்கே திரும்பினோம். இடப்பக்கம் மேகமலை, வலப்பக்கம் கேரளத்து மலை, நடுவில் நெல்லும் தென்னையும் திராட்சைப் பந்தலுமாக எங்கள் ஊர். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்காது. "அந்தா தெரியிது பாருங்க, நம்ம தோட்டம்!" என்று அவர் கூவினார். அவர் சந்தோஷம் எனக்கும் ஒட்டிக்கொண்டது. வேலைக்கு வந்திருக்கிறேன் என்பதையே மறந்துவிடுவேன் போலிருந்தது.

பிறகு செய்ய வேண்டியதைச் செய்தேன். எஞ்சினின் வேகத்தை முழுக்கக் குறைத்து, "எஞ்சின் நின்னுபோச்சு. எங்க எறக்குவீங்க?" என்றேன். எல்லாச் சோதனையிலும் இது உண்டு. உண்மையில் இறக்குவதில்லை. இந்த இடத்தில் இறங்க முடியும் என்று தெரிகிற அளவுக்குத் தாழ வந்துவிட்டு, எஞ்சினைக் கூட்டி மேலேறிவிடுவோம்.

முதலில் அவர் ஒரு கெட்டிக்காரத்தனம் காட்டினார். வெளியூர் விமானிகள் திராட்சைப் பந்தலைப் பச்சைப் பாய் மாதிரி பார்த்து ஏமாந்துபோவார்கள். அதற்குள் கல்தூணும் கம்பியும் இருப்பது மேலிருந்து தெரியாது. அவர் அதன் பக்கம் திரும்பவே இல்லை. எங்களுக்கு நேர் கீழே நீளமான நெல் வயல். கதிர் வாங்கிய வயல், இறங்குவதற்குத் தண்டவாளம் போட்டது மாதிரி நீட்டாக இருந்தது. நிம்மதியாக மூச்சு விட்டேன். ஆனால் அவர் அதை விட்டுவிட்டு, தூரத்தில் அறுத்துப் போட்டிருந்த ஒரு தரிசை நோக்கி மூக்கைத் திருப்பினார். எஞ்சின் இல்லாத விமானம் சறுக்கிக்கொண்டேதான் போக முடியும். அந்தத் தரிசுக்கு எங்களால் எட்ட முடியாது. இடையில் தென்னந்தோப்பு.

"ஏன் இந்த வயல விட்டீக?"

"என்ன சம்பந்தியம்மா இப்படிக் கேக்குறீக? கதிர் வாங்குன நெல்லு. வெள்ளாம செய்யிற சம்சாரி அதுல கொண்டு போயி எறக்குவானா?"

வேறு யாராக இருந்தாலும் நான் அப்போதே காது கிழியக் கத்தியிருப்பேன். 'கன்ட்ரோல் என்னிடம்' என்று ஒரு வார்த்தை சொல்லி வாங்கியிருப்பேன். ஆனால் மாப்பிள்ளையின் அப்பா கையிலிருந்து ஸ்டியரிங்கைப் பிடுங்குவதா? நாக்கு எழவில்லை. வாயே திறக்காமல், மருமகள் மாமனாருக்குக் காப்பி நீட்டுகிற மாதிரி, இரண்டு விரலால் ஸ்டியரிங்கை மெல்லத் தொட்டு நெல் வயல் பக்கம் ஒரு சுண்டு சுண்டினேன். என் விரல் பட்டதைப் பார்த்ததும் அவர் மரியாதையாகக் கையை எடுத்துவிட்டார். பெண்ணின் அம்மா தொட்டதைப் பிடித்து இழுப்பது அவருக்கு அழகில்லை. அவர் கையை எடுத்ததைக் கவனிக்காத நான், தொட்டதே அதிகப்பிரசங்கித்தனம் என்று வெட்கப்பட்டு, என் விரலையும் எடுத்துக்கொண்டேன்.

விமானம் பாட்டுக்குச் சறுக்கிக்கொண்டிருந்தது. நன்றாகத்தான் ஓட்டுகிறார் என்று நினைத்துக்கொண்டேன். சம்பந்தியம்மா நேர்த்தியாக ஓட்டுகிறார் என்று அவரும் என்னைப் பற்றி நினைத்துக்கொண்டிருந்தாராம். ஒரு தென்னையில் தேங்காய்க் குலை தனியாகக் கண்ணில் பட்டபோதுதான் நான் திரும்பினேன். அவருடைய இரண்டு கையும் மடியில் இருந்தன. குனிந்தேன். என்னுடையவையும் மடியில்தான் இருந்தன.

"கன்ட்ரோல் எங்கிட்ட!" என்று நான் போட்ட கூச்சல் கீழே உத்தமபாளையம் கோர்ட்டு வரைக்கும் கேட்டிருக்கும். எஞ்சினைக் கூட்டினேன், விமானம் சமர்த்தாக மேலேறியது. உயரம் வந்த பிறகு இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். முதலில் சிரித்தது அவர்தான். அப்புறம் எனக்கும் அடக்க முடியவில்லை. கண்ணில் தண்ணீர் வருகிற வரைக்கும் சிரித்தோம். 

இறங்கி வந்து எதிரெதிரே உட்கார்ந்தோம். மேஜையில் அவருடைய லாக்புக், பக்கத்தில் திராட்சைக் கூடை. வழக்கம்போல், "நீங்களே சொல்லுங்கண்ணே" என்றேன்.

"கேக்காம கைய எடுத்தது என் தப்பு. நெல்லுக்குப் பாவம் பாத்ததும் தப்புத்தேன்." கூடையை ஒதுக்கிவிட்டு என்னை நேராகப் பார்த்தார். "அது சரி, நீங்க சொல்லாமத் தொட்டது?"

சுருக்கென்றது. ஆனால் அந்தக் கேள்விக்காகவே அவரை எனக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. "அது என் தப்பு. இன்னைக்கு ஆசிரியரா நான் வரல. பொண்ணப் பெத்தவளா வந்துட்டேன். அதனால இந்தச் சோதனை செல்லாது. கையெழுத்துப் போடமாட்டேன்" என்றேன்.

அவர் முகத்தில் ஈயாடவில்லை. லாக்புக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டார். கூடையை மறந்துவிட்டாரா, விட்டுவிட்டுப் போனாரா தெரியவில்லை. மூன்று நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் மூன்றாம் ஓலை வாசித்தார்கள். இந்தத் திருமணத்துக்குத் தடை ஏதாவது தெரிந்தால் சொல்லும்படி பங்குச் சாமியார் கேட்டபோது, எதிர் வரிசையில் இருந்த சம்பந்தி மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தார். போச்சுடா என்று நினைத்தேன். பூசை முடிந்து நேரே என்னிடம் வந்தார்.

"எப்ப மறுபடி பாக்கலாம்? ஒரே ஒரு கண்டிசன். பிளேனுக்குள்ள ஏறுனா நான் சம்பந்தி இல்ல, நீங்க சம்பந்தியம்மா இல்ல. சம்மதமா?"

"சம்மதம்" என்றேன். கோயில் வாசல் என்றும் பார்க்காமல் எனக்கு அழுகை வந்துவிட்டது. என் வீட்டுக்காரர், சம்பந்திச் சண்டை வந்துவிட்டதென்று பயந்து ஓடி வந்தார்.

இரண்டாவது சோதனைக்கு அவர் திராட்சை கொண்டுவரவில்லை. விட்டுவைத்த கேள்வியை முதலில் கேட்டேன். "ஊரே கீழ நின்னு அண்ணாந்து பாத்துக்கிட்டு இருக்கு. காத்து சரியில்ல. என்ன செய்வீங்க?"  "கிளம்ப மாட்டேன். ஆனா அன்னைக்கு ராத்திரி தூங்கவும் மாட்டேன்" என்றார். இதைவிட நேர்மையான பதிலை நான் அதுவரை கேட்டதில்லை.

மேலே போய், அதே பள்ளத்தாக்கில் எஞ்சினைக் குறைத்தேன். இந்த முறை தயங்கவில்லை. பக்கத்தில் இருந்த கதிர் வயலைக் கை காட்டி, "நெல்லுதேன். எறங்குறேன்" என்றார். சொந்தக்காரரிடம் மன்னிப்புக் கேட்பது மாதிரி உதடு மட்டும் அசைந்தது. கணக்காகச் சறுக்கி வந்தார். அப்போது நான் ஒரு திருட்டு வேலை செய்தேன். ஒன்றும் சொல்லாமல் ஸ்டியரிங்கில் கையை வைத்தேன்.

அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "கன்ட்ரோல் எங்கிட்ட இருக்கு. கைய எடுங்க!" என்று உறுமினார்.

மாப்பிள்ளை வீட்டார் பெண்ணின் அம்மாவை அப்படி அதட்டியதை ஊரில் யாராவது கேட்டிருந்தால் கல்யாணமே நின்றிருக்கும். எனக்கோ எழுந்து ஆட வேண்டும்போல் இருந்தது. இடுப்புப் பட்டைதான் விடவில்லை. இறங்கியதும் லாக்புக்கை வாங்கி, பக்கம் கிழிகிற மாதிரி அழுத்திக் கையெழுத்துப் போட்டேன்.

கல்யாணம் வைக்கக் கூடாத தவக்காலம் தொடங்கும் முன் கல்யாணம் ஜாம்ஜாமென்று நடந்தது. மறு வெள்ளிக்கிழமை சம்பந்தி ஒரு புது வம்பை ஆரம்பித்தார். ஏறப்போகிற ஒவ்வொருவருடைய எடையும் வேண்டும் என்றார். எடை தெரிந்தால்தானே எவ்வளவு எரிபொருள் போடலாம் என்று கணக்குப் பார்க்க முடியும். திராட்சை எடை போடும் ஷெட்டுத் தராசில் மகளையும் மாப்பிள்ளையையும் ஏற்றினார். பிறகு நாலாவது இருக்கைக்கு என்று சொல்லி என்னையும் ஏறச் சொன்னார். முன்னால், அவர் பக்கத்து இருக்கை. ஊரே அப்படித்தான் நினைத்திருந்தது. சோதித்தவள் பக்கத்தில் இருந்தால் பயமில்லை என்று மகளும் சொன்னாள்.

தராசில் ஒரு காலை வைத்தவள் நின்றுவிட்டேன். நான் அங்கே உட்கார்ந்தால், ஸ்டியரிங் என் முழங்காலுக்கு நேரே இருக்கும். பின்னால் என் மகள் இருப்பாள். சின்ன ஆட்டம் ஆடினாலும் என் கை சும்மா இருக்காது. அப்புறம் நான் போட்ட கையெழுத்துக்கு என்ன அர்த்தம்?

காலை எடுத்துவிட்டு, சம்பந்தியின் மனைவியைத் தேடினேன். புருஷன் உரிமம் வாங்கி இத்தனை வருஷத்தில் ஒரு நாள்கூட அவரோடு பறக்காதவர். பயம். ஷெட்டுக் கதவுக்குப் பின்னால் நின்றிருந்தார்.

"மதினி, நீங்க ஏறுங்க."

"ஆத்தாடி! நான் மாட்டேன். நீங்க கூட வந்தாத்தேன் ஏறுவேன்."

"நான் வந்தா உங்களுக்கு எடமில்ல. பின்னால என் மகள உக்கார வைக்கிறேன் மதினி. பயமிருந்தா வைப்பேனா?"

அவர் கதவுக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தார். பிறகு, "எல்லாரும் அங்கிட்டுத் திரும்புங்க. எடைய ஒருத்தரும் பாக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று தராசில் ஏறினார். சம்பந்தி மட்டும் பார்த்தார், குறித்துக்கொண்டார், வாயைத் திறக்கவில்லை. அவர் வாயைத் திறக்காமல் இருந்து நான் பார்த்த ஒரே தருணம் அது.

சனிக்கிழமை காலை காற்றே இல்லை. அவர்கள் நால்வரும் விடிவதற்கு முன்பே காரில் ஓடுதளத்துக்குக் கிளம்பிப் போய்விட்டார்கள். நான் போகவில்லை. காமயகவுண்டன்பட்டியில் அவர்கள் தோட்டத்து வரப்பில், பாதி ஊரோடு சேர்ந்து உட்கார்ந்திருந்தேன். வடக்கே தேனிப் பக்கம் முதலில் சத்தம் கேட்டது, பிறகு வெள்ளையாக ஒரு புள்ளி. "வந்துட்டாக! வந்துட்டாக!" என்று ஊரே கத்தியது. விமானம் தலைக்கு மேல் வந்து, ஒரு வட்டமடித்து, இறக்கையை ஆட்டிவிட்டுக் கம்பம் பக்கம் போனது. என் வீட்டுக்காரர் வேட்டியை அவிழ்த்து ஆட்டாத குறை.

நான் மட்டும் கையை ஆட்டவில்லை. என் இரண்டு கையும் மடியில் இருந்தன. விமானம் யார் கையில் என்று இந்த முறை எனக்குத் தெரியும்.